மூன்றாவது கூப்பாடு

தன் குரலுக்குச் செத்தவனும் எழுந்து வந்து ஆஜராவான் என்று, சாட்சிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கோர்ட் டவாலி மாசிலாமணி கேண்டீனில் பீற்றிக்கொள்வார். அன்று அரசு ஆஸ்பத்திரியில் இறந்த பச்சைக் குழந்தைகளின் வழக்கு. சாட்சிகள் பட்டியலுக்குப் பதில் இறந்தவர்கள் பட்டியலை யாரோ அவர் கையில் திணித்துவிட்டார்கள். கண் படித்ததும் வாய் கத்திவிடும். புத்தி பின்னாலேதான் வரும்.

“கோகிலாவின் ஆண் குழந்தை!”

பெயர் வைக்குமுன் போன பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் அப்படித்தான் எழுதுவார்கள். இரண்டாம் முறையும் கூவிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. மூன்று முறை கூப்பிட்டும் வராவிட்டால், ‘ஆஜராகவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். மூன்றாவதைக் கூவாமல் நிறுத்திக்கொண்டார்.

பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். “நான்தாங்க கோகிலா.”

“தப்பா கூப்பிட்டுட்டேம்மா. கிழட்டுக் கழுதை, மன்னிச்சிரு.”

“இன்னும் ஒரு தடவை இருக்குல்லய்யா? குழந்தைன்னா அவனுக்கு எப்படித் தெரியும்? பூவரசன்னு கூப்பிடுங்க.”

மாசிலாமணி பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, அடிவயிற்றிலிருந்து கூவினார். வராந்தா அடங்கிப்போனது. கோகிலா படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவரும் பார்த்தார்.