மந்திரித்த ஓலை

போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று சிலுவையாக மடித்து வாசலில் செருகிய ஓலையை நீங்கள் என்ன செய்வீர்கள்?

கோவிலில் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். அதை எரித்த சாம்பலைத்தானே விபூதிப் புதனன்று சாமியார் நம் நெற்றியில் பூசுகிறார்? மந்திரித்த ஓலை. மிதிக்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது. எங்கள் கடற்கரையில் பொடிப்பிள்ளைக்கும் இது தெரியும்.

வீடு வீடாகப் போய் அதைச் சேர்க்கிற வேலை வியாகுலம்மாளுக்கு. பிள்ளை குட்டி இல்லாதவள். அதனால்தான் பொழுது விடிந்தால் அடைந்தால் கோவிலே கதியென்று கிடக்கிறாள் என்று ஊரில் பேச்சு.

அந்த வருஷம் அவள் போன வீட்டிலெல்லாம் ஒரே பதில்.

"ஞானசெல்விக்க மவ வந்து வாங்கிட்டுப் போயிட்டாளே மாமி. கோவிலுக்குன்னுல்லா சொன்னா!"

வியாகுலம்மாள் வெறும் கூடையோடு ஞானசெல்வி வீட்டுக்கு நடந்தாள்.

படலைத் திறக்கும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. முற்றத்தில் ஒரு மண்சட்டி. அதில் ஓலைச் சிலுவைகள் ஊறிக்கொண்டிருந்தன. ஞானசெல்வி ஒவ்வொன்றாகப் பிரித்துக் கீறிக் கொடுக்க, ஏழு வயது மகள் வேளாங்கண்ணி நாக்கைத் துருத்திக்கொண்டு முடைந்தாள். சின்னவன் கிளீட்டஸ் கிழிந்த வலையிலிருந்து கட்டுவதற்கு நூல் உருவிக்கொண்டிருந்தான்.

முடைந்து முடித்த கிலுகிலுப்பை ஒன்றை அவன் காதோரம் வைத்து ஆட்டினான்.

"அம்மா, இது ஊமைக் கிலுக்கு. சத்தமே இல்ல."

"உள்ள சிப்பி போடாம மூடுனா எப்பிடிலே பேசும்? அதுவும் ஒன்னய மாதிரிதான். வயித்துல ஏதாவது போட்டாத்தான் வாய் தொறக்கும்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"ஏட்டி ஞானசெல்வி!"

சிரிப்பு நின்றது.

"மந்திரிச்ச ஓலையிலயா வெளையாட்டுச் சாமான் செய்யுத? பெத்தது போயி பத்து நாளு ஆகல்ல, அதுக்குள்ள ஒனக்குச் சிரிப்பு வேற!"

போனது ஞானசெல்வியின் மூன்றாவது பிள்ளை. மூச்சில்லாமலே பிறந்தது. ஒரே ஒரு மூச்சு விட்டிருந்தால்கூட மருத்துவச்சி தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருப்பாள். அதற்கும் வழியில்லை. புருஷன் கொழும்பில். அவனுக்கு இன்னும் சேதி போகவில்லை. அப்படிப் பிறந்ததை ஊர் பிள்ளைக் கணக்கில் சேர்ப்பதுமில்லை, ஞாபகம் வைத்துக்கொள்வதுமில்லை.

"இதுக முன்னால இருந்து அழச் சொல்லுதியளா மாமி?" என்றாள் ஞானசெல்வி.

"கதை பேசாத. கோவிலுக்குன்னு பொய் சொல்லி வாங்கியிருக்கா ஒம் மவ. இப்பவே சாமியாருகிட்ட சொல்லுதேன். பாஸ்குப் பெருநாள் பூசைக்கு முக்காடு போட்டுட்டு நாக்க நீட்டி நன்மை அப்பம் வாங்க வந்து நிப்பேல்லா, ஒன்னய மட்டும் தாண்டிப் போவாரு. ஊரே பாக்கும். அப்பத் தெரியும்."

சொல்லிக்கொண்டே கிளீட்டஸின் கையிலிருந்ததைப் பிடுங்கினாள்.

வேளாங்கண்ணி துள்ளி எழுந்தாள். "குடுங்க மாமி! அது தம்பிக்கு!"

"இவ்வளவு பெரிய பயலுக்குக் கிலுக்கு எதுக்குட்டி?"

"இவனுக்கு இல்ல. மண்ணுக்குள்ள இருக்க தம்பிக்கு."

வியாகுலம்மாள் கையிலிருந்த கிலுகிலுப்பையைப் பார்த்தாள்.

"தலையில தண்ணி ஊத்தல்லன்னு தம்பிக்குக் கல்லறைத் தோட்டத்துல எடம் கெடையாதாம். மதிலுக்கு வெளியதான் வச்சாங்க. குருசும் நடக் கூடாதுன்னு மணியடிக்கிற கோவில்பிள்ளை சொல்லிட்டாரு. கிலுக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்லலியே?"

ஞானசெல்வி நிமிராமல் ஓலையைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"இது அம்புட்டும் குருசா இருந்ததுதானே மாமி. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஒரு வருசம் காவல் நின்ன குருசு. பிரிச்சு முடைஞ்சா கிலுக்கு. கோவில்பிள்ளை பாத்தாலும் வெளையாட்டுச் சாமான்னு போயிருவாரு. காஞ்ச ஓலை, பாதி ஒடிஞ்சு போவுது. அதுனாலதான் எல்லா வீட்டுலயும் வாங்கிட்டு வரச் சொன்னேன். பொய் சொல்லச் சொன்னதும் நான்தான். பிள்ளைய ஏசாதிய."

வியாகுலம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். கிலுகிலுப்பையைத் திருப்பித் தரவுமில்லை.

அதைப் பார்த்ததும் ஞானசெல்விக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொங்கியது.

"இன்னும் என்ன நிக்கிய? போய்ச் சொல்லுங்க! எனக்கு நன்மை தராட்டாப் போவுது. பெத்துப் பாத்திருந்தால்லா ஒங்களுக்குத் தெரியும்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊர் முதுகுக்குப் பின்னால் பேசுவதை அவள் முகத்துக்கு நேரே சொல்லியாயிற்று.

வியாகுலம்மாள் கிலுகிலுப்பையைக் கிளீட்டஸின் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"மதிலுக்கு வெளிய எங்க வச்சாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"தாழைமூட்டுக்குத் தெக்க."

"தெக்கயா..."

கூடையைக் கீழே வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தாள். சட்டிக்குள் கையை விட்டு ஓர் ஓலையை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். அது இரண்டாகக் கிழிந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வேளாங்கண்ணியைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"எனக்கு முடையத் தெரியாது மக்கா. அந்தத் தாழைமூட்டுக்கு வடக்க எனக்க பிள்ளைங்க ரெண்டு கெடக்கு. ரெண்டும் சத்தமே போடாமப் போனதுக. சிப்பி நெறயப் போட்டு, அதுகளுக்கும் ஆளுக்கொண்ணு செய்து தருவியா?"