கரையில் நிற்பவன்

அவன் இன்றும் நீருக்கு நான்கடி தள்ளியே நின்றான்.

அலை ஏறி வந்தால் பின்னால் நகர்ந்தான். அலை இறங்கினால் பழைய இடத்துக்கு வந்தான். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தான். பாதங்கள் உலர்ந்திருந்தன.

அவள் பாறை நிழலில் அமர்ந்து அந்த நான்கடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள். கடைசிக் கடல். மதியத்துக்கு மேல் கார் கிழக்கே திரும்பி மலையேறிவிடும்.

கோயம்புத்தூரில் கிளம்பி, மங்களூரில் கடலைப் பிடித்து, அதை இடக்கைப் பக்கமே வைத்துக்கொண்டு வடக்கே வந்திருந்தார்கள். தென்னைகளுக்கு நடுவே கடல் வருவதும் ஒளிவதுமாக இருந்தது. செந்நிற மேடுகள் பிளந்து கடலுக்குள் விழுந்து கிடந்தன. விழுந்தவை கறுத்திருந்தன. கழிமுகங்களில் காரையே படகில் ஏற்றினார்கள். உட்கார்ந்த இருக்கையிலேயே, சக்கரம் சுழலாமல், கரை விலகிப் போயிற்று. தூக்கத்தில் போவதுபோல இருந்தது. வானொலியில் புரியாத பாஷையில் யாரோ யாருக்கோ நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தினமும் ஒரு கடற்கரை. ஒவ்வொன்றிலும் அவன் நான்கடி தள்ளி.

"காலேஜ்ல நீச்சலுக்குக் கப்பு வாங்குன ஆளுதானண்ணா நீயி? இப்படி அலையப் பாத்து ஓடற?"

நெஞ்சளவு நீரில் நின்றபடி அவன் தம்பி நவநீதன் கேட்டான். ஏழு நாளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு வேண்டாம்னா உடு. நீ ஆழத்துக்குப் போவாத."

பாறைமேல் இருந்த அத்தை, அவனுடைய அம்மா, நிமிராமலே சொன்னாள். அத்தையிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கணவன் கடலில் குளிக்கக் கூடாது என்பார்கள்.

அவன் ராகுகாலம் பார்க்காதவன். பூனை குறுக்கே வந்தால் அது போக வழிவிட்டு, பின்னாலேயே போகிறவன். முதல் முறை அவனுக்கு அப்படியொரு வழக்கம் இருப்பதே தெரியாது. அது தங்கவில்லை. இரண்டாம் முறை யாரோ சொன்னபோது சிரித்தான். கோவாவுக்கு அலுவலக நண்பர்களோடு போய் மணிக்கணக்கில் நீந்திவிட்டு வந்தான்.

அதுவும் தங்கவில்லை.

அப்புறம் அவன் சிரிக்கவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

இது மூன்றாவது. ஒன்பது வாரம். மூன்று மாதம் முடிந்த பிறகு வீட்டில் சொல்லலாம் என்று இருவரும் வாய் திறக்காமல் இருந்தார்கள். காரில் இவ்வளவு தூரம் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டார்கள். தாராளமாக, என்றார் டாக்டர்.

புதன்கிழமை விடியலில், ஒரு விடுதியின் குளியலறையில், அது முடிந்துபோயிற்று.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு முறை பார்த்ததுதான். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் டாக்டரோடு போனில் பேசினாள். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

அவன் கார்க் கதவைத் திறந்துவைத்து, அவள் இருக்கையில் தலையணையைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்து, மெதுவா வா," என்றான்.

அவள் மெதுவாக வந்தாள்.

அன்று மாலையும் ஒரு கடற்கரை. மஞ்சள் வெயிலில் உப்பு புகைபோல மிதந்தது. அவன் நீரோரம்வரை போய், நின்றான்.

அவன் அப்படி நிற்கும்வரை அது இருந்தது. அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. வயிற்றில் இல்லை. அந்த நான்கடியில் இருந்தது.

வியாழக்கிழமை இருந்தது. வெள்ளிக்கிழமை இருந்தது. சனிக்கிழமை ஒரு நண்டின் பின்னால் இரண்டடி போனவன் சட்டென்று நினைவு வந்து பின்வாங்கினானே, அப்போதும் இருந்தது.

இன்று ஞாயிறு.

அவள் எழுந்து மணலில் நடந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றாள். ஓர் அலை வந்தது. இருவரும் சேர்ந்தே பின்னால் நகர்ந்தார்கள். இன்னோர் அலை வந்தது. நகர்ந்தார்கள். எத்தனை அலைகள் என்று அவளுக்குத் தெரியாது.

"நீங்க தண்ணில எறங்குங்க."

அவன் சிரித்தபடி திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு போக நேரம் எடுத்தது.

எப்போது என்று அவன் கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான். அது சூடாக இருந்தது.

சட்டையோடு இறங்கினான்.

கணுக்கால். முழங்கால். இடுப்பு.

"அப்படி வா வழிக்கு. அம்மா, இங்க பாரு, அண்ணன் எறங்கிட்டான்." நவநீதன் கை தட்டினான். விசிலடித்தான்.

அவன் நீந்தவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினான். எழுந்தான். முழுகினான். எழுந்தான். மூன்றாம் முறையும் முழுகினான். பிறகு கரைக்கு முதுகு காட்டி அப்படியே நின்றான்.

"கை தட்டாதடா."

அத்தையின் குரல் உயரவில்லை. நவநீதனுக்குக் கேட்டது. இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டான்.

அத்தை பாறையிலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தாள். புடவையெல்லாம் பாசி. அவள் மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கடிகாரத்தை எடுத்துக்கொண்டாள்.

"நீயும் போ கண்ணு."

அவள் செருப்பைக் கழற்றினாள்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.