வியாபார வகுப்பு

ஓடைக் கரையில் கிடந்த சிவப்புச் செருப்பைக் கண்டதும் மாரியம்மா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். ஒற்றைச் செருப்பு. வார் அறுந்திருந்தது. இரவெல்லாம் பெய்த மழையில் ஓடை மண் நிறத்தில் புரண்டு போய்க்கொண்டிருந்தது.

"எம்பிள்ளையோடதுதான்," என்றாள்.

பின்னால் நின்ற ஷெர்லி குனிந்து அந்தச் செருப்பைக் கையில் எடுத்தாள்.

ஷெர்லி இதே தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். இப்போது பக்கத்து மலை நகரமான பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் வேலை. சனிக்கிழமைகளில் தோட்டத்து மண்டபத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு வியாபார வகுப்பு நடத்தினாள். புத்தகம் கிடையாது. பிள்ளைகளே ஒரு பொருளைச் செய்து, கடை போட்டு, ஆளைக் கூப்பிட்டு விற்க வேண்டும். மாரியம்மாவின் மகள் யுவனேஸ்வரி போட்டது இஞ்சி டீக் கடை.

நேற்று மண்டபத்தில் ஊரைக் கூட்டி ஒத்திகை. வந்தவர்கள் முன்னால் யுவனேஸ்வரி வாயே திறக்கவில்லை. குடித்தவர்களும் காரம் தாங்காமல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். ஷெர்லிக்கு வந்த ஆத்திரத்தில், பேச வாயில்லாதவளுக்குக் கடை எதற்கு, இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு, குனிந்த தலையோடு போய்விட்டாள்.

இன்று விடிந்து பார்த்தால் படுக்கை காலி. கைப்பேசி தலையணைமேல் கிடந்தது.

"ராத்திரி சோறு வேணாம்னுட்டா டீச்சர். அழுதுக்கிட்டே படுத்தா. வகுப்புல என்ன நடந்துச்சு?"

"நாந்தான் ஏசிட்டேன் மாரிக்கா."

மாரியம்மா நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குக் கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருக்கலாம் என்றிருந்தது ஷெர்லிக்கு.

தகவல் போய், தீயணைப்புப் படையின் லோரி மேல் ரோட்டில் வந்து நின்றது. லைன்காரர்கள் ஏற்கெனவே ஓடையோடு கீழே இறங்கியிருந்தார்கள். கயிறும் நீண்ட கழிகளுமாக மேலேயிருந்து வந்தவர்கள் வெளியாட்கள். சிவப்பு ஸ்வெட்டர் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளை என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஷெர்லியும் முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். ஒவ்வொரு வேரிலும் சிக்கிக் கிடந்த குப்பை அவளுக்குத் துணியாகத் தெரிந்தது. மாதாவே, அவள் உயிரோடு கிடைத்தால் போதும், அவள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்று உள்ளுக்குள் மன்றாடிக்கொண்டே கைவிட்டுத் துழாவினாள்.

பல் கிட்டிப்போய் அவள் நடுங்குவதைப் பார்த்த ஒரு மலாய்க்கார வீரன், தன் கையிலிருந்த காகிதக் கோப்பையை அவளிடம் திணித்துவிட்டுப் போனான். ஒரு மிடறு விழுங்கினாள். தொண்டை எரிந்தது, கண்ணில் நீர் கோத்தது. அழுகைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

தோட்ட ஆபீஸ் கிராணி மகேன் சரிவில் வழுக்கிக்கொண்டே இறங்கி வந்தார்.

"டீச்சர், நீங்க மேல ரோட்டுக்குப் போங்க. போலீஸ் வந்திருக்குன்னு போன் வந்துச்சு. அந்தப் பிள்ளைகிட்ட கடைசியா என்ன பேசுனீங்கன்னு கேக்கணுமாம்."

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஷெர்லி ஏறினாள். மூடுபனியில் முன்னால் இருக்கும் செடிகூடத் தெரியவில்லை. போலீஸிடம் நேற்று தன் வாயிலிருந்து வந்ததை அப்படியே இன்னொரு முறை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அந்தத் தாயின் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

ரோட்டுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

லோரிக்குப் பின்னால் வீரர்களும் போலீஸ்காரர்களும் வட்டமாக நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் தலை குனிந்திருந்தது. சிலர் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள்.

பிள்ளையை வேறு வழியாகத் தூக்கி வந்துவிட்டார்கள்.

பார்த்துத்தான் ஆக வேண்டும். தான் செய்ததைத் தானே பார்க்க வேண்டும். இரண்டு பேரை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

நடுவில் மஞ்சள் பிளாஸ்டிக் மழைச்சட்டையும் அப்பாவின் பெரிய பூட்ஸுமாக நின்றுகொண்டிருந்தாள் யுவனேஸ்வரி. சூடு தாளாமல் குனிந்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவர்களின் கோப்பைகளில் மேலும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஷெர்லி அவள் தோளைப் பிடித்தாள். பெண் மிரண்டுபோய்ப் பின்வாங்கினாள்.

"ஏசாதீங்க டீச்சர். டூரிஸ்ட்டுக்கு விக்கலாம்னுதான் காலையிலயே வந்தேன். நேத்து ஓடைகிட்ட செருப்பு அறுந்துபோச்சு, அதான் அப்பா பூட்ஸு. மழையில ஒரு கார் கூட நிக்கல. அப்புறம் இவங்க வந்தாங்க. இந்தக் குளிருக்குக் காரம்தான் வேணுமாம் லா, திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. நானே எல்லார்கிட்டயும் பேசினேன் டீச்சர்."

பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டு, முகம் வாடக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாவம், யாரோ ஒரு பொண்ணக் காணோமாம்."