மேஜையில் ஒரு எதிர்க்கட்சிக்காரர்

"என்ன டெல்மர், கட்சி மாறிட்டியாமே!"

டெல்மர் காபிக் கடைக்குள் கால் வைத்ததுமே கென்னி ஆரம்பித்துவிட்டான்.

"மாறினா உனக்கென்ன? காபியக் குடி."

"மாட்டுப் பண்ணைக்காரன் ஜனநாயகக் கட்சியா? உங்கப்பா மட்டும் இருந்திருந்தா துப்பாக்கியத் தூக்கிட்டு வந்திருப்பாரே!"

கடையே சிரித்தது. டெல்மரும் வழிந்துகொண்டே சிரித்தார். அமெரிக்காவில், தெற்கு டகோட்டாவின் அந்தக் குட்டி ஊரில் குடியரசுக் கட்சி என்பது ஞானஸ்நானம் மாதிரி. பிறந்ததுமே கொடுத்துவிடுவார்கள்.

ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வீட்டில் மனைவி மார்லிஸ் பேச்சையே நிறுத்திவிட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

சேதி காதில் விழுந்த நாளிலிருந்து சாப்பாட்டுத் தட்டு மேஜையில் 'ணங்'கென்று வந்து விழுந்தது. "உப்பு இல்லையே" என்றால் உப்பு வந்தது, பதில் வரவில்லை.

உள்ளதைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லத்தான் வழியில்லை.

எல்லாம் ஓட்டுச்சாவடியைக் கவனிக்கும் வெர்ன் செய்த வேலை. சாவடி மேஜையில் இரண்டு கட்சியிலும் பதிந்த ஆட்கள் உட்கார வேண்டும் என்பது சட்டம். இத்தனை வருஷமாக ஊரின் ஒரே ஜனநாயகக் கட்சிக்காரி எல்வினா உட்கார்ந்தாள். தேர்தலுக்குத் தேர்தல் அந்தக் கட்சிக்கு விழும் ஒரே ஓட்டு அவளுடையதுதான் என்று ஊருக்கே தெரியும். இப்போது அவள் மகளோடு இருக்க அரிசோனா போய்விட்டாள். ஆள் இல்லையென்றால் சாவடியை மூடிவிடுவார்கள். கிழம் கட்டைகளெல்லாம் பனியில் நாற்பது மைல் போய் ஓட்டுப் போட வேண்டும்.

"பதிவுல மட்டும் கட்சிய மாத்திக்க டெல்மர். ஓட்டு உன் இஷ்டம்" என்று வெர்ன் கெஞ்சியிருந்தார். "ஆனா தேர்தல் முடியிற வரைக்கும் பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடாத. பேருக்கு மாறினதுன்னு தெரிஞ்சா மேலேர்ந்து கேள்வி வரும்."

தேர்தல் நாள் வந்தது. டெல்மர் மேஜையில் உட்கார்ந்தார். எதிர் மூலையில் மார்லிஸ், வழக்கம்போல ஓட்டுப் போட வந்தவர்களுக்கெல்லாம் தான் சுட்ட 'ஆப்பிள் பை' பலகாரத்தை வெட்டிக் கொடுத்தாள். கென்னிக்கு இரண்டு துண்டு.

"எனக்கு?" என்று டெல்மர் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"உங்க கட்சிக்காரங்க சுட்டுத் தருவாங்க. போய்க் கேளு."

இத்தனை நாளில் அவள் பேசிய முதல் பேச்சு. டெல்மருக்கு அதுவே பை தின்ற மாதிரி இருந்தது.

சாயங்காலம் எண்ணி முடித்தார்கள். வெர்ன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"ஜனநாயகக் கட்சி, ஒரு ஓட்டு."

கூடம் அதிர்ந்தது.

"எல்வினா போனா என்ன, வாரிசு வந்தாச்சு!" என்று கென்னி டெல்மரின் முதுகில் ஓங்கித் தட்டினான்.

டெல்மர் திருதிருவென்று விழித்தார். அவர் போட்டது, எப்போதும்போல, குடியரசுக் கட்சிக்கு.

வண்டியில் ஏறியதும் அடக்க முடியாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

மார்லிஸ் அவரையே பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் நிறுத்தவில்லை.

"அடப்பாவி! அப்போ நீ மாறவே இல்லையா?"

"சத்தியமா இல்ல. ஆனா அந்த ஒரு ஓட்டு யாருதுன்னுதான் புரியல."

"என்னோடது."

டெல்மர் பிரேக்கை மிதித்தார்.

"உன்னோடதா? நான் கட்சி மாறினேன்னுதானே என்கூடப் பேசாம இருந்த?"

"பின்ன? கல்யாணமான நாள்லேர்ந்து நீ கத்துவியேன்னு பயந்து, கமுக்கமாப் போட்டுட்டு வரேன். நீ என்னடான்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, ஊரறியப் போய்ப் பதிஞ்சுட்டு வர்ற! பத்திக்கிட்டு வராதா எனக்கு?"

டெல்மருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. நடுரோட்டில் நின்ற வண்டிக்குள் இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

சட்டென்று அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"இரு இரு. ஒவ்வொரு தடவையும் ஒரு ஓட்டுதானே விழும்? அது உன்னோடதுன்னா, எல்வினா போட்டது எங்க போச்சு?"

மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவளும் உன்ன மாதிரி சாவடிக்காகப் பேரைக் குடுத்தவதான்யா. 'துரோகி, துரோகி'ன்னு வருஷக்கணக்கா வாய் ஓயாம அவளக் கேலி பண்ணினியே, அவ போட்டதெல்லாம் உங்க கட்சிக்குத்தான்!"