ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி

"ஏட்டி, எல்லாருக்கும் திங்கள், செவ்வாய்னு டைம் குடுக்கவரு, ஒனக்கு மட்டும் எதுக்கு ஞாயித்துக்கிழமை குடுக்காரு?"

கேட்டவள் பேச்சி. நாலு மாதமாக இசக்கிசெல்வியும் இதையேதான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தண்டலத்துக்குப் பக்கத்துக் கல்லூரியில் நானோ துகள்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் இசக்கிசெல்வி. பென்னலூரில் வாடகை அறை. அறைத் தோழி பேச்சிக்கு செல்போன் கம்பெனியில் ஷிப்ட் வேலை. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த இருவரும் முகம் பார்த்துப் பேசக் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் ஒருத்தி வரும்போது ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள்.

அந்த ஒரு நாளிலும் மண் விழுந்தது. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் ஆபரேட்டர் யாக்கோபு, ரிஜிஸ்டரில் அவள் பெயரை எப்போதும் கடைசிக் கட்டத்தில்தான் எழுதுவார்.

"ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணி. வந்துடுங்க மேடம்."

பக்கத்து மண்ணூர்க்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவர் மாதிரி அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஆளில்லாத கட்டடத்தில் மதியம் வரை அவரும் அவளும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவுதான்.

"அவ்வளவுதான்னு நீ சொல்லுத. எனக்கென்னமோ சரியாப் படல. புரொபசர்ட்ட சொல்லு" என்றாள் பேச்சி.

சொன்னாள்.

பேராசிரியர் சண்முகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, தப்பா ஏதாவது நடந்துகிட்டாரா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். இசக்கிசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். நாலு மாத ஞாயிறும் போன கோபம் அவளுக்கு. இல்லை என்று சொல்லிவிட்டால் யார் நாளை மாற்றுவார்கள்?

அவர் அந்த மௌனத்தை அவருக்குத் தோன்றியபடி புரிந்துகொண்டார். மறுநாளே சர்குலர் வந்தது: இனி ஞாயிற்றுக்கிழமை ஆய்வகம் யாருக்கும் திறக்கப்படாது. யாக்கோபுவுக்கு விளக்கம் கேட்டு மெமோ.

அவளுக்குப் புதன்கிழமை காலை கிடைத்தது.

அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரையைப் பரிசீலித்த ஆய்விதழ்க்காரர்கள், புதிதாகச் செய்த துகள்களின் தெளிவான படம் ஒன்றும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் மூன்று வருட உழைப்பு பாழ்.

புதன்கிழமை யாக்கோபு எப்போதும் போலத் தலை நிமிராமல் சாம்பிளை உள்ளே வைத்தார். துகள் திரையில் தெரிந்தது. தெரிந்ததும் நெளிந்தது. நின்றது. மறுபடி நெளிந்தது. பத்துப் படம் எடுத்தார், பத்தும் கலங்கல்.

"மெஷின் ரிப்பேரா சார்?"

"மெஷின் நல்லாத்தான் கீது மேடம். ரோட்ல கன்டெய்னர் லாரி போவுது. தரை அதிருது."

"மத்தவங்களுக்கு நல்லா வருதே?"

"அவுங்களுது பெரிய துகளு. இவ்ளோ பெருசு பண்ணிப் பாக்கத் தேவையில்ல, அதனால ஆட்டம் தெரியாது. உங்களுது இருபது நானோமீட்டர். ஞாயித்துக்கிழமை காலைலதான் லாரி கம்மி, தரை அசையாது."

இசக்கிசெல்வி திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள். "இத ஏன் சார் மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலியே" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை.

நேரே பேராசிரியரிடம் ஓடினாள். யாக்கோபு தப்பாக நடக்கவில்லை, ஒன்றுமே நடக்கவில்லை என்று இப்போது வாய் திறந்து சொன்னாள்.

"மெமோவ வாபஸ் வாங்கிடலாம்மா. ஆனா முதல்வர் கையெழுத்துப் போட்ட சர்குலர், எடுக்க முடியாது. ஒன் பாதுகாப்புக்குத்தானே போட்டோம்" என்றார்.

அடுத்த ஞாயிறு வந்தது. அவள் கேட்ட ஞாயிறு. பேச்சிக்கு அன்று பார்த்து ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். அறையின் நாலு சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தவள், பத்தரை மணிக்குப் பசி பொறுக்காமல் மெயின் ரோட்டு ஓட்டலுக்குப் போனாள். எல்லா மேஜையிலும் குடும்பம் குடும்பமாகச் சிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பார்சல் சொல்லிவிட்டு ஓரமாக நின்றாள்.

வெள்ளைச் சட்டையில் யாக்கோபு உள்ளே வந்தார். கூடவே வேதப் புத்தகம் வைத்திருந்த அவர் மனைவி பிரவீனா. இசக்கிசெல்வியைப் பார்த்ததும் யாக்கோபு சங்கடமாகத் தலையசைத்தார்.

"யாருங்க?" என்றாள் பிரவீனா.

"காலேஜ்ல ஆராய்ச்சி பண்ற பொண்ணு. இசக்கிசெல்வி."

"ஐயோ, அந்த ஞாயித்துக்கிழமைப் பொண்ணா?" பிரவீனா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். யாக்கோபு கை கழுவும் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை.

"நாலு மாசமா கோயிலுக்கே வரலம்மா இவுரு. பாஸ்டர் கேட்டுக்கினே இருந்தாரு. 'ஊரு விட்டு ஊரு வந்து ஒரு பொண்ணு தனியாக் கஷ்டப்படுது, ஞாயித்துக்கிழமை வுட்டா அதுக்கு வேல நடக்காது'ன்னு ஒரே வார்த்தைதான் சொல்லுவாரு."

இசக்கிசெல்விக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"போன வாரம் ஒரு ராத்திரி சாப்பிடாம உக்காந்துகினு இருந்தாரு. இன்னான்னு கேட்டேன். 'அந்தப் பொண்ணு வேல நல்லபடியா முடிஞ்சிடுச்சு, இனிமே ஞாயித்துக்கிழமை போவத் தேவையில்ல. கடைசி நாளு என்னாண்ட வந்து ரொம்ப தாங்க்ஸ் சொல்லிட்டுப் போச்சு'ன்னாரு."