இரண்டு ஆறு தாண்ட ஒரு ஜீப்

"பிரேக் பேடு மாத்தி மூணு மாசம்கூட ஆகலை. அதுக்குள்ள பாதி தேஞ்சு கிடக்கு. கடைக்காரன் டூப்ளிகேட்டை என் தலையில கட்டிட்டான்."

ஜீப்புக்கு அடியிலிருந்து ஓவர்சியரின் குரல் வந்தது. டீ டம்ளரோடு ஷெட் வாசலில் நின்ற மனைவிக்கு அவருடைய இரண்டு கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அவையும் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன.

"வெளியே வந்து டீயைக் குடிங்க. ஆறிடும்."

"நேரமில்ல. வானத்தைப் பார்த்தியா?"

பார்க்காமல் என்ன? காலையிலிருந்தே மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. மழை பிடித்துக்கொண்டால் மலைப்பாதையில் குறுக்கிடும் இரண்டு ஆறுகளும் மூன்று மாதத்துக்கு யாரையும் விடாது. அந்த ஆறுகளுக்கு அப்பால் ஒரு சின்ன சுகாதார நிலையத்தில்தான் அவர்களுடைய ஒரே மகள் நர்ஸாக இருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரி வேலையை உதறிவிட்டு அவள் அங்கே கிளம்பியபோது ஓவர்சியர் வீடே அதிரக் கத்தினார். "இனிமே இந்த வீட்டுல யாரும் அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது" என்று தீர்ப்பும் சொன்னார். மனைவி "சரிங்க" என்றாள். எதற்குமே சரிங்க என்பவள்தான் அவள்.

கத்தி முடித்த மறுமாதமே இந்தப் பழைய ஜீப்பை வாங்கி வந்து ஷெட்டில் நிறுத்தினார். கேட்டவர்களிடம் மலையேறும் ஜீப் பந்தயம் என்று கதை விட்டார். ஒன்றரை வருடமாக இதே பாடுதான். வார நாளெல்லாம் பம்ப் ஹவுஸ் வேலை, லீவு நாளென்றால் ஜீப்புக்கு அடியில் படுக்கை. கல்லில் இடிக்காதபடி வண்டியைத் தூக்கி வைத்தார். சேற்றிலும் வழுக்காத டயர் மாட்டினார். தண்ணீரில் இறங்கினாலும் எஞ்சின் மூச்சுவிட வேண்டுமே என்று கூரை உயரத்துக்கு ஒரு குழாய் வைத்தார். இனி கிளம்ப வேண்டியதுதான் பாக்கி என்று ஆகும்போதெல்லாம் ரோஷம் வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும். உடனே இன்னொரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்வார்.

போன வாரம் அந்தப் பக்கம் மரம் ஏற்றப் போய் வந்த லாரி டிரைவர், "காய்ச்சல்ல படுத்து பாப்பா ரொம்ப இளைச்சுப் போச்சு சார்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ரோஷம் போன இடம் தெரியவில்லை. நாளை விடிந்ததும் புறப்பாடு. மனைவியிடம் சொன்னது என்னவோ பந்தயம்தான். தீர்ப்புச் சொன்ன வாயால் அதை எப்படி மாற்றிச் சொல்வது?

புதுப் பேடை மாட்டிவிட்டு வெளியே வந்தவர், டம்ளரை வாங்கி பானெட்மேல் வைத்தார். குடிக்கவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார்.

"கிலோமீட்டர் கேபிள் மறுபடி கழண்டிருக்கு. இப்படிக் கிடந்தா ஓடின தூரம் மீட்டர்ல ஏறாது. நானே முறுக்கி மாட்டினது."

"இவ்வளவு குலுங்குற வண்டியில எதுதான் கழலாது?"

"குலுங்குறதுக்கு இது எங்கே போச்சு? கடைத்தெருவைத் தாண்டினதில்லையே." சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் நங்கென்று இடித்தது. "இந்த சீட் வேற. பின்னாடி தள்ளி வச்சா தானா முன்னாடி வந்து நிக்குது. அடியில பல்லு தேஞ்சிருக்கும்."

"இருக்கட்டும், விடுங்க. கையால தள்ளினா போகுதுல்ல?"

"வண்டியைப் பத்தி உனக்கென்ன தெரியும்? கல்யாணமான புதுசுல ஸ்டியரிங்கை நம்பிக் கொடுத்தேன். நேரா போய் மதில்ல முட்டின."

"ஒருநாள் முட்டினதுக்கு இன்னும் எத்தனை வருஷம் சொல்லிக்காட்டுவீங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

ஓவர்சியர் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினார். இனி அசையவே கூடாது என்று இரண்டு போல்ட்டுகளை எடுத்தார். ஒன்றைச் செருகியபோது மனைவி ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தாள். பையில் ஒரு ஸ்வெட்டர், ஒரு டானிக் பாட்டில், இரண்டு ஜோடி காலுறைகள்.

"இதை அவகிட்ட கொடுத்துடுங்க."

ஸ்பேனர் நின்றது. "எவகிட்ட? நான் பந்தயத்துக்குல்ல..."

"பந்தயத்துக்குப் போறவர் பொண்ணோட போர்வையை எதுக்கு டூல்ஸ் பெட்டியில மறைச்சு வைக்கணும்?"

ஓவர்சியருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்தார். தன் ரோஷத்துக்காகப் பெற்றவளையும் ஒன்றரை வருடம் பிள்ளை முகம் பார்க்க விடாமல் செய்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

"தப்பு என்மேலதான். நீயும் வா. போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

"இந்தத் தடவை நீங்க மட்டும் போங்க. அப்பாவும் பொண்ணும் தனியா உட்கார்ந்து பேசினாத்தான் சரிவரும்." அவள் குனிந்து, முடுக்காமல் நின்ற போல்ட்டை உருவி அவர் கையில் வைத்தாள்.

"சீட்டை மட்டும் இறுக்கிடாதீங்க. மழை விட்டதும் நான் போகணும்ல, எப்பவும் போல முன்னாடி இழுத்துக்கிட்டாத்தான் எனக்குக் கிளச் எட்டும்."