பீடத்தைக் காணோம்

"வெர்லீன், பிரசங்க பீடத்தைக் காணோம்!"

சபைத் தோழி ஓசெல்லா மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னபோது, வெர்லீன் ஸ்டோக்ஸ் தன் புது கறுப்பு அங்கிக்குக் கடைசிப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி உளர்றே? அதென்ன குடையா, காணாமப் போக?"

"மேடையில வெறும் கம்பளம்தான் இருக்கு. விடியக்காலையில டீக்கன் கிளியோபஸோட வண்டி பின்வாசல்ல நின்னுச்சாம். வேற யாரு? அந்த மனுஷன்தான்!"

வெர்லீனுக்கு ரத்தம் கொதித்தது.

மான்ட்கோமரி நகரத்து நேபோ மலை பாப்டிஸ்ட் சபைக்கு எண்பது வயது. இத்தனை வருஷத்தில் ஒரு பெண்கூட அந்த மேடையில் ஏறிப் பிரசங்கித்ததில்லை. பெண்கள் பேசலாம். ஆனால் கீழே, தரையில் ஒரு சின்ன மேசை போட்டு. ஆண் மேலே நின்று சொன்னால் பிரசங்கம். அதையே பெண் கீழே நின்று சொன்னால் வெறும் சாட்சி.

போன மாதம் சபை ஓட்டெடுத்தது. வெர்லீனைப் போதகராக்க அறுபத்தொரு கை, வேண்டாமென்று ஐம்பத்தெட்டு கை. அந்த ஐம்பத்தெட்டில் முதலில் உயர்ந்தது சபையில் டீக்கன் பொறுப்பு வகிக்கும் தச்சர் கிளியோபஸின் கை. போன ஞாயிறு அவள் தலையில் கைவைத்து அபிஷேகம் செய்தார்கள். இன்று முதல் பிரசங்கம்.

ஆலயத்துக்குள் போனாள். கூட்டம் நிரம்பி வழிந்தது. சவப்பெட்டிக் கடை விளம்பரம் போட்ட அட்டை விசிறிகள் படபடத்தன. கிளியோபஸின் இடம் மட்டும் காலி.

உதவிப் போதகர் விட்லோ எதிரே வந்தார். ஆறடி இரண்டு அங்குலம். வருத்தப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டு, உதட்டோரம் மட்டும் சிரித்தார்.

"என்ன பண்றது சிஸ்டர்? கர்த்தருக்கே சித்தமில்ல போலிருக்கு. கீழே மேசை போட்டாச்சு. இன்னைக்கு ஒரு நாள் அங்கே நின்னு பேசிடுங்க."

வெர்லீன் அந்த மேசையைப் பார்த்தாள். வெள்ளைத் துணி விரித்து, பூஜாடியெல்லாம் வைத்துத் தயாராக இருந்தது. ஐந்தடிகூட இல்லாத உருவம்தான் அவள். ஆனால் ஒன்று நன்றாகத் தெரிந்தது. இன்று கீழே நின்றால் என்றைக்கும் கீழேதான்.

"பூ நல்லா இருக்கு ரெவரெண்ட். நீங்களே வெச்சுக்குங்க."

மூன்று படி ஏறினாள். வெறும் மேடையின் நடுவில், வேதாகமத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"ஆமென்" சொல்ல ஒரு வாய் திறக்கவில்லை. ஆமென் இல்லாத சபையில் பேசுவது சுவரோடு பேசுவதுதான்.

"நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டறவ, உங்களுக்கே தெரியும்" என்று தொடங்கினாள். "இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி, பஸ்ஸுல பின்னாடி போன்னு வெள்ளைக்காரன் சொன்னான். மாட்டோம்னுட்டு ஒரு வருஷம் நடந்தே வேலைக்குப் போனோம். விசிறி வீசற இந்தக் கூட்டத்துல எத்தனை பேரு அன்னைக்கு என்கூட நடந்தீங்க?"

விசிறிகள் மெல்ல நின்றன.

"வெளியே 'பின்னாடி போ'ன்னா வலிச்சுது. உள்ளே 'கீழே நில்லு'ன்னா மட்டும் எங்களுக்கு வலிக்காதா?"

"சொல்லு, சொல்லு!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"பீடத்தை எவன் வேணா தூக்கிட்டுப் போகலாம். என்னைக் கூப்பிட்டவரோட குரலைத் தூக்கிட்டுப் போக முடியுமா?"

"ஆமென்!" இம்முறை கூரை அதிர்ந்தது. விட்லோ மட்டும் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கதவு திறந்தது. கிளியோபஸும் அவர் மகன்கள் இருவரும் பீடத்தைத் தோளில் சுமந்துகொண்டு நடுவழியே வந்தார்கள். சட்டையெல்லாம் மரத்தூள்.

"திருட்டுப் பொருளைத் திருப்பிக் கொண்டுவந்துட்டாரு!" ஓசெல்லா கத்தினாள்.

கிளியோபஸ் காதில் வாங்கவே இல்லை. மேடையேறி, வெர்லீன் முன்னால் பீடத்தை இறக்கினார். அவள் கழுத்துவரை மறைத்த பீடம், இப்போது நெஞ்சுக்குக் கீழே நின்றது.

"ஓரத்தைத் தொடாதேம்மா, வார்னிஷ் காயல. நேத்தே முடிச்சிருக்கணும். மழை பேஞ்சு கெடுத்துடுச்சு."

"என்ன பண்ணீங்க டீக்கன்?"

"எட்டு அங்குலம் அறுத்தேன். போன வாரம் அபிஷேகம் முடிஞ்சு நீ நின்னு பாத்தப்போ, கீழே உக்காந்திருந்த எங்களுக்குத் தொப்பி மட்டும்தான் தெரிஞ்சுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"யாருகிட்ட? இவங்ககிட்டயா? பீடத்துல ரம்பம் வைக்கலாமான்னு கூட்டம் போட்டு, அதுக்கும் ஓட்டு எடுத்திருப்பாங்க."

வெர்லீன் பீடத்தை மேலும் கீழும் பார்த்தாள். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"நீங்க எனக்கு எதிராத்தானே கை தூக்கினீங்க?"

"தூக்கினேன். தோத்தேன். சபை உன்னைப் போதகர்னு சொல்லிடுச்சு. எங்க போதகர் ஒளிஞ்சு நின்னு பேசறதை நான் பாத்துட்டு இருக்கணுமா?"

விட்லோ பதறிப்போய் மேடைக்கு வந்தார். பீடத்தில் கை வைத்துப் பார்த்தார். அது அவருக்கு இடுப்புயரம்கூட வரவில்லை. விரலில் வார்னிஷ் ஒட்டியதுதான் மிச்சம்.

"எண்பது வருஷத்துப் பீடம்யா இது! இனிமே நாங்கள்லாம் எப்படிய்யா இதுல பேசறது?"

கிளியோபஸ் சட்டையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார்.

"குனிஞ்சு பேசுங்க, ரெவரெண்ட்."